பெர்ல்காரருக்கு ஒரு மாப்பிள்ளை விசாரணை

நான் லேசில் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. காய்கறிக்காரர் கேட்காமலே ஒரு கொத்துக் கறிவேப்பிலையைப் பையில் போட்டால், வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்காயைத்தான் முதலில் பிளந்து பார்ப்பேன். பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால், அந்த சீட்டில் என்ன கோளாறோ என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் ஒருநாள் காரணமே இல்லாமல் மல்லிகைப்பூ வாங்கி வந்தார். என்ன தப்புப் பண்ணிவிட்டு வந்திருக்கிறார் என்று நாள்கணக்கில் குடைந்தேன். (ஒண்ணுமே பண்ணலையாம். இன்னைக்கு வரைக்கும் எனக்கு அதுல முழுத் திருப்தி கிடையாது.)

இப்படிப்பட்ட நான் போய்ச் சேர்ந்த இடமோ, எதையும் சும்மா தூக்கிக் கொடுக்கிறவர்கள் கூடுகிற இடம்.

சென்னையில் நான் வேலை பார்த்த கம்பெனியில் வெளிநாட்டு ஆராய்ச்சிப் பத்திரிகைகளை அச்சுக்குத் தயார் செய்து கொடுப்போம். பேராசிரியர்கள் கன்னாபின்னாவென்று எழுதி அனுப்புகிற கட்டுரைகளைக் கணினியே தேடித் துருவித் திருத்துகிற மாதிரி நிரல் எழுதுவது என் வேலை. அதற்கு நாங்கள் பயன்படுத்திய கணினி மொழியின் பெயர் பெர்ல். கொஞ்சம் பழைய மொழி. "பெர்லா? அதெல்லாம் செத்துப் போச்சே அக்கா" என்று புதிதாகப் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் மூக்கைச் சுளிப்பார்கள். செத்துப்போன அந்த மொழிதான் மாதாமாதம் எனக்குச் சம்பளம் போட்டது.

பிறகு கல்யாணம், குழந்தை. வீட்டுக்காரர் ஷார்ஜாவுக்குப் போனார், நான் அறந்தாங்கிக்குத் திரும்பினேன். கட்டுமாவடி ரோட்டில் ஒரு போட்டோ ஸ்டுடியோவின் மாடியில் அறை பிடித்து, பெர்ல் பயிற்சி மையம் என்று போர்டு மாட்டினேன். நான் வேலை பார்த்த மாதிரிக் கம்பெனிகள் சென்னையில் நிறைய உண்டு. என்னிடம் படித்துவிட்டுப் போனால் வேலை கிடைக்கும் என்று சொல்லித்தான் பிள்ளைகளைச் சேர்த்தேன். சேர்ந்தவர்கள் எல்லாரும் பெண்பிள்ளைகள். அந்த முதல் பேட்ச் முழுசாகப் படித்து வேலைக்குப் போய்விட்டால் மையம் நின்றுவிடும். நடுவில் கலைந்தால் போர்டைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். என் பயமெல்லாம் அதில்தான் இருந்தது.

பெர்ல்காரர்களுக்கென்று இணையத்தில் ஒரு மன்றம் உண்டு. ஏதாவது சந்தேகம் என்று கேட்டால் உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ யாராவது பதில் சொல்வார்கள். எழுதின நிரலைக் கிடங்கு மாதிரி ஓர் இடத்தில் போட்டு வைத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பார்கள். அங்கே நான் எட்டிப் பார்த்த புதிதில் ஒரு பயிற்சிக் கணக்கைப் போட்டேன். நான் நீட்டி முழக்கி எழுதியிருந்ததை ஒருவர் ஒரே வரியில் எழுதிக் காட்டினார். எனக்கு அது உதவி மாதிரியே தெரியவில்லை. திமிர் என்று நினைத்தேன்.

அந்த ஒருவரின் பெயர் மத்தியாஸ். ஜெர்மனியில் ஏதோ ஒரு சின்ன ஊர். வெள்ளைத் தாடி. நான் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பாடங்களை அவர் வாங்கிப் படித்தார், பிழை திருத்தினார், நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார். (பாராட்டினதும் உள்ளுக்குள்ள மணி அடிச்சிருச்சு.) அதோடு விட்டாரா? சனிக்கிழமை தோறும் வீடியோவில் வந்து உங்கள் மாணவிகளுக்கு நான் பாடம் எடுக்கட்டுமா, காசு ஒன்றும் வேண்டாம் என்றார்.

நான் சரி என்று சொன்னேன். ஆனால் மனசு சரி என்று சொல்லவில்லை. எங்கேயோ இருக்கிற மனுஷன், லீவு நாளில், அறந்தாங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்து என்ன காணப்போகிறார்? நான் எழுதிய பாடங்களைத் திருடப் பார்க்கிறாரா? அவரே திருத்திக் கொடுத்த பாடத்தை அவரே ஏன் திருட வேண்டும் என்று யோசித்தேன். அப்படி யோசித்த பிறகு சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை.

இதற்கு நடுவில் அவரிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. பிள்ளைகளுக்கு ஸ்டிக்கர், சுவரில் ஒட்ட ஒரு பெரிய போஸ்டர். எல்லாவற்றிலும் ஒட்டகப் படம். பெர்ல் மொழிக்கு ஒட்டகம்தான் அடையாளம், பெர்ல்காரர்கள் எங்கே பார்த்தாலும் ஒட்டகத்தை ஒட்டி வைப்பார்கள். பிள்ளைகள் ஆசைப்பட்டார்களே என்று நானும் போஸ்டரை வாசல் பக்கம், ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் ஒட்டிவிட்டேன். புத்தி இருக்கிற எவளும் அறந்தாங்கியில் இந்தக் காரியத்தைச் செய்ய மாட்டாள்.

வீட்டுக்கு ஓர் ஆள் வளைகுடாவில் இருக்கிற ஊர் இது. இங்கே ஒட்டகம் என்றால் ஒரே அர்த்தம்தான். மறுநாளே பெற்றோர்கள் படியேறி வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவர் கருப்பையா அண்ணன், என் மாணவி அபிநயாவின் அப்பா. ஒரு காலத்தில் விசா ஏஜெண்டை நம்பி மஸ்கட்டுக்குப் போய், பாஸ்போர்ட்டையும் பறிகொடுத்து, பட்டபாடு பட்டுத் திரும்பியவர்.

"டீச்சரம்மா, கோச்சுக்காதீங்க. ஏஜென்சியா ஆரம்பிச்சிருக்கீங்க?"

"ஐயோ, இல்லண்ணே. அது பெர்லோட படம்."

"வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் சனிக்கெழம சனிக்கெழம பாடம் எடுக்குறானாம்ல? காசு வேணாம்ங்குறானாம்ல?"

"ஆமா."

"என்னயக் கூட்டிப் போனவனும் மொதல்ல காசு வேணாம்னுதான் சொன்னான்." சொல்லிவிட்டு ஒட்டகத்தை ஒரு பார்வை பார்த்தார். "அவன் யாரு, எவரு, எந்தக் குடும்பம்? விசாரிச்சீங்களா?"

அவரைச் சமாதானப்படுத்த வேண்டிய நான், மனசுக்குள் அவர் கட்சியில் நின்றேன். வருகிற சனிக்கிழமை நாங்களும் வந்து உட்கார்ந்து பார்ப்போம், அதற்குள் விசாரித்து வையுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள்.

விசாரிப்பது என்றால் எங்கள் குடும்பத்தில் ஒரே ஆள்தான். என் தாய்மாமன் சுப்பையா. எங்கள் சொந்தத்தில் மாமா விசாரிக்காமல் எந்தக் கல்யாணமும் முடிவாகாது. திருவரங்குளத்தில் மாப்பிள்ளை என்றாலும் சரி, குளத்தூரில் பெண் என்றாலும் சரி, பஸ் ஏறிப் போய்விடுவார். சம்பந்தப்பட்ட வீட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார். அந்தத் தெருவில் வாடகைக்கு வீடு தேடுகிற மாதிரி டீக்கடையில் உட்காருவார், இஸ்திரி போடுகிறவரிடம் பேச்சுக் கொடுப்பார், எதிர்வீட்டுக்காரர் பகையாளியா என்று பார்த்து அவரிடமும் ஒரு வார்த்தை கேட்பார். யாராவது முறைத்தால் மட்டும், "நாங்க பொண்ணு வீட்டுக்காரங்க" என்று உண்மையைச் சொல்வார். உடனே எதிராளி இளகிவிடுவார். ஒரு பெண்ணின் வாழ்க்கையாயிற்றே.

"ஜெர்மனிக்கு எப்புடி மாமா பஸ் ஏறுவீங்க?" என்றேன்.

"நான் எதுக்காத்தா போகணும்? நம்ம ரமேசு அங்கிட்டுத்தான இருக்கான்."

ரமேஷ் மாமாவின் மகன். ஜெர்மனியில் கார் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். பார்சலில் இருந்த முகவரியைப் பார்த்தால் மத்தியாஸின் ஊர் அவன் இருக்கிற இடத்திலிருந்து ரயிலில் போய்வரும் தூரம்தான். மாமா போனிலேயே அவனுக்குப் பாடம் எடுத்தார். குடி உண்டா, கடன் உண்டா, கூடப்பிறந்தவர்களோடு சண்டை உண்டா, கை நீட்டுகிற ஆளா, முதல் தாரம் உண்டா? வரிசையாகக் கேட்கச் சொன்னார். யாராவது முறைத்தால் என்ன சொல்ல வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். தடுக்கவில்லை. சொல்லப்போனால், "அவரு வேற எந்த ஊருப் புள்ளைகளுக்காவது இப்புடி சும்மா சொல்லிக் குடுக்குறாரான்னும் கேக்கச் சொல்லுங்க மாமா" என்று எடுத்துக் கொடுத்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் வந்தது. சுவரில் டிவி. முன்வரிசையில் பிள்ளைகள், பின்வரிசையில் பெற்றோர்கள். அங்கே கை கட்டாமல் இருந்தவர் மாமா ஒருவர்தான். ரமேஷிடமிருந்து தகவல் வந்துவிட்டதாம். என்ன என்று கேட்டால், "முடியட்டும், பொறவு சொல்றேன்" என்று கண்ணை மூடிக்கொண்டார். ஷார்ஜாவிலிருந்து என் வீட்டுக்காரரும் போனில் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார். பொண்டாட்டியின் பெருமையைப் பார்க்கத்தான் வந்தேன் என்றார். (நான் நம்பல.)

மத்தியாஸ் அன்றைக்கு எடுத்த பாடம் டெய்ன்ட் மோட். பெர்லில் அப்படி ஓர் ஏற்பாடு உண்டு. அதைப் போட்டுவிட்டால், வெளியிலிருந்து நிரலுக்குள் வருகிற எதையும் பெர்ல் கறைபட்டதாகவே நினைக்கும். சோதித்துப் பார்த்து, இது யோக்கியம்தான் என்று நாம் ஒப்புக்கொள்ளும்வரை அதைக் கொண்டு முக்கியமான எந்த வேலையும் செய்ய விடாது. பெற்றோர்களுக்குப் புரிவதற்காக அபிநயாவை எழுந்து நின்று தமிழில் சொல்லச் சொல்லியிருந்தேன்.

"வெளியில இருந்து எது வந்தாலும் நம்பக் கூடாதாம்ப்பா. சோதிச்சுப் பாத்துட்டுத்தான் உள்ள விடணுமாம்."

கருப்பையா அண்ணன் முதல்முறையாகக் கட்டின கையை அவிழ்த்தார். "இந்த ஆளு சொல்றது சரிதானே" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அந்த நேரம் பார்த்து மத்தியாஸுக்குப் பின்னால் ஒரு கதவு திறந்தது. கண்ணாடி போட்ட ஓர் அம்மா வந்து, அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தன் பெயர் கரின், தான்தான் மத்தியாஸின் மனைவி என்றார். நிதானமான ஆங்கிலம். ஒரே ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். கேட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் என் வாய் திறப்பதற்குள் அபிநயா கடமை தவறாமல் மொழிபெயர்த்துவிட்டாள்.

"உங்கள்ல பொண்ணு யாருன்னு கேக்குறாங்கப்பா."

"எந்தப் பொண்ணு?"

"அவங்க வீட்டுக்காரருக்குக் கட்டிக்குடுக்கப் பாத்துருக்க பொண்ணு."

பெற்றோர்கள் மெதுவாகத் திரும்பி அவரவர் மகளைப் பார்த்தார்கள். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். அப்போது ஷார்ஜாவிலிருந்து என் வீட்டுக்காரரின் குரல் கணீரென்று கேட்டது: "வசந்தி, பொண்ணு யாரு?"

தேவையில்லாத நேரமெல்லாம் போகிற கரண்ட், அன்றைக்கு அசையவே இல்லை.

நடந்தது இதுதான். ரமேஷ் அந்த ஊரில் போய் ஒரு பேக்கரியில் காபி வாங்கிக்கொண்டு, வாடகைக்கு வீடு கிடைக்குமா என்று மாமா சொன்னபடியே ஆரம்பித்திருக்கிறான். பேக்கரிக்கார அம்மா நன்றாகத்தான் பேசியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் இவன் தாடிக்காரரைப் பற்றி எடுத்து, குடி, கடன் என்று வரிசையாகப் போய், முதல் தாரம் உண்டா என்று கேட்டிருக்கிறான். அந்த அம்மா முறைத்தாராம். அந்த ஊரில் அடுத்தவர் வீட்டு விஷயத்தை யாரும் கேட்கவும் மாட்டார்களாம், சொல்லவும் மாட்டார்களாம். இவன் பயந்துபோய், "நாங்கள் இந்தியாவிலிருந்து பெண் வீட்டுக்காரர்கள்" என்று சொல்லிவிட்டான். உடனே அந்த அம்மா இளகி, தெரிந்ததையெல்லாம் சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் கரினோடு ஒரே வகுப்பில் படித்தவர், கையோடு கரினுக்கும் சேதி சொல்லிவிட்டார். மாட்டிக்கொண்டதை மட்டும் மறைத்துவிட்டு, மற்றதையெல்லாம் ரமேஷ் அப்பாவுக்கு ஒழுங்காகச் சொல்லியிருக்கிறான்.

கரினின் பக்கம் நின்று யோசித்தால் நியாயம் இருந்தது. புருஷன் சனிக்கிழமை தோறும் எங்கேயோ இருக்கிற ஒருத்தியின் வகுப்பே கதி என்று கிடக்கிறார். பார்சல் வேறு அனுப்புகிறார். கடைசியில் பெண் வீட்டுக்காரர்கள் வாசல்வரை வந்துவிட்டார்கள். சந்தேகப்படுவதில் எனக்கு மேல் ஆள் கிடையாது என்று நினைத்திருந்த நான், இன்னொருத்தியின் சந்தேகத்துக்கு முன்னால் குற்றவாளி மாதிரி நின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு கேவலமாக நான் எங்கேயும் நின்றதில்லை.

மத்தியாஸின் முகம் தாடிக்கு மேலே செக்கச்செவேலென்று இருந்தது. கருப்பையா அண்ணன் எழுந்துவிட்டார். "அபி, பையை எடு. போவோம்." மற்ற பெற்றோர்களும் எழுந்தார்கள். பைகள் மூடுகிற சத்தம் கேட்டது. என் மையம் என் கண்ணெதிரே காலியாகிக்கொண்டிருந்தது.

"உக்காருங்கப்பா எல்லாரும்" என்றார் மாமா. டிவிக்கு முன்னால் போய் நின்று, மேல்துண்டைச் சரி செய்துகொண்டு, அதைப் பார்த்துக் கும்பிட்டார். "ஏத்தா அபி, நான் சொல்றத அப்புடியே அந்தம்மாவுக்கு இங்கிலீசுல சொல்லு."

அபிநயா அப்பாவைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"அம்மா, இங்க பொண்ணும் இல்ல, மாப்புளையும் இல்ல. எங்க புள்ளைககிட்ட புதுசா ஒருத்தரு பழகுறாருன்னா நாங்க விசாரிப்போம். பால் ஊத்துறவருன்னாலும் விசாரிப்போம். சும்மா கேட்டா எவரும் உண்மையச் சொல்றதில்ல. பொண்ணு வீடுன்னு சொன்னா, ஒரு புள்ளையோட வாழ்க்கையாச்சேன்னு மறைக்காமச் சொல்லிருவாங்க. அதுக்காக நான்தான் அப்புடிச் சொல்லச் சொன்னேன். உங்க வீட்டுக்காரரு மேல ஒரு குத்தமும் இல்ல. எங்க வசந்தி மேலயும் இல்ல. தப்பு என்னுது. மன்னிச்சுக்கங்க."

அபிநயா ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். கரின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. "சரி, விசாரித்ததில் என்ன சொன்னார்கள்?"

மாமா இதற்குத்தானே காத்திருந்தார்.

"குடி கெடையாதாம். கடன் கெடையாதாம். பனி கொட்டுனா பக்கத்து வீட்டு வாசலயும் சேத்துத் தள்ளி விடுவாராம். தெருவுல யாரு சைக்கிளு கெட்டுப் போனாலும் சும்மாவே ரிப்பேரு பாத்துக் குடுப்பாராம். ஒரே ஒரு கொறதான். ஏதாச்சும் வெளக்க ஆரம்பிச்சாருன்னா நிறுத்தவே மாட்டாராம்."

கடைசி வாக்கியம் ஆங்கிலத்துக்குப் போனதும் கரின் சிரித்தார் பாருங்கள், நாற்காலியே ஆடியது. "அது முழு உண்மை" என்றார். மத்தியாஸ் தாடியைத் தடவிக்கொண்டு, "வெளியிலிருந்து வந்தவன் நான். நீங்கள் சோதித்துப் பார்த்திருக்கிறீர்கள். இன்றைய பாடமே அதுதானே?" என்றார். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

கருப்பையா அண்ணன் உட்கார்ந்துவிட்டார். "சைக்கிளு ரிப்பேரு பாத்துக் குடுக்குறவரா?" என்று இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். "அப்ப நம்மகிட்ட மட்டும்னு இல்ல, அந்த மனுசனுக்கு இதே பொழப்பாத்தான் இருக்கு. சரி, நடத்துங்க." மன்றத்தில் மத்தியாஸ் காலங்காலமாக எழுதியது எதுவும் எங்களிடம் எடுபடவில்லை. பக்கத்து வீட்டுப் பனி எடுபட்டது. ஒட்டகத்தை மட்டும் வாசலிலிருந்து எடுத்து உள்ளே ஒட்டச் சொன்னார்கள், ஒட்டினேன். ஷார்ஜாவைச் சமாதானப்படுத்தத்தான் கூடுதல் நாளாயிற்று.

முதல் பேட்ச் கலையாமல் முடிந்தது. அபிநயா இன்றைக்குச் சென்னையில் வேலை பார்க்கிறாள். மத்தியாஸ் எங்களைக் கேட்டுக்கொண்டு இந்தக் கதையை மன்றத்தில் எழுதினார். அங்கே இப்போதெல்லாம் யாராவது புதிதாக உதவி செய்ய வந்தால், "பேக்கரியில் விசாரித்தாகிவிட்டதா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள்.

கதை அதோடு முடிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். சென்ற தை மாதம் மத்தியாஸும் கரினும் ஊர் சுற்றிப் பார்க்க வந்தார்கள். மதியம் வருவதாகச் சொல்லியிருந்தவர்கள், காலையிலேயே புதுக்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்து, என்னிடம் சொல்லாமல் கீழே டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். உபயம் ரமேஷ். வெள்ளைத் தாடி வைத்த ஜெர்மன்காரர் மொழிபெயர்க்கிற போனைத் தமிழில் பேசவிட்டு, இங்கே வாடகைக்கு வீடு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். பிறகு மெதுவாக, மாடியில் பாடம் நடத்துகிற பெண்மணி எப்படி என்று ஆரம்பித்திருக்கிறார். டீக்கடை, இஸ்திரி கடை, ஸ்டுடியோ என்று ஒன்றையும் விடவில்லை.

மேலே வந்ததும் புதிய பேட்ச் பிள்ளைகள், மாமா, என் மகள் எல்லாருக்கும் முன்னால் போனைப் பார்த்து முடிவை வாசித்தார். நன்றாகச் சொல்லிக் கொடுப்பார். கண்டிப்பானவர். நேர்மையானவர். கடைசியாக ஒன்று: "கடவுளே நேரில் வந்து வரம் கொடுத்தாலும், எதுக்குக் குடுக்குறீங்கன்னு கேட்டுவிட்டுத்தான் அந்த அம்மா வாங்கும்."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போது சொந்தத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும், தாம்பூலப் பையை என்னிடம் நீட்டும்போது "சும்மாதான் குடுக்குறோம் வசந்தி, வாங்கிக்க" என்கிறார்கள். ஷார்ஜாவிலிருந்து பார்சல் வந்தால் மேலே முகவரிக்குப் பக்கத்தில் அதே வாசகம் எழுதியிருக்கிறது.

அதைச் சொன்னது யார் என்று மத்தியாஸிடம் எவ்வளவோ கேட்டேன். விசாரித்த இடத்தைக் காட்டிக்கொடுக்கக் கூடாதாம், வாய் திறக்கவில்லை. அதனால் மாமாவையே விசாரித்துச் சொல்லச் சொன்னேன். "அதுக்கென்னாத்தா, இப்பவே விசாரிச்சுட்டு வாரேன்" என்று உடனே ஒப்புக்கொண்டு, சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனார். அவ்வளவு சுலபமாக அவர் ஒப்புக்கொண்டதுதான் எனக்கு எங்கேயோ இடிக்கிறது.